அப்பாவுக்கு வாயில் வெள்ளைத் திட்டு: சீனியை நிறுத்தினால் போதுமா?

மண்டபம் டீக்கடை:

எனக்கு மண்டபத்தில் டீக்கடை. பெரிதாக நினைக்க வேண்டாம். படகுத்துறைக்குப் போகிற பாதையில் ஒரு தகரக் கூரை, ஒரு பாய்லர், இரண்டு பெஞ்ச். விசைப்படகு கடலுக்குப் போகிற நாளில் வியாபாரம் இருக்கும், போகாத நாளில் பேச்சு இருக்கும்.

அப்பாவுக்கு 61 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் படகில் இருந்தவர். இப்போது கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிபண்ணுவதோடு சரி. அவருக்கு இடது கன்னத்தின் உள்பக்கம், கடைவாய்ப் பல்லுக்கு நேராக, புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு. தேய்த்தாலும் போகவில்லை. மீன் குழம்பு பட்டால் எரிகிறது என்று தட்டை நகர்த்திவிடுகிறார். எங்கள் வீட்டில் ஒருவர் மீன் குழம்பை நகர்த்துகிறார் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. ராமநாதபுரம் கூட்டிப்போய்க் காட்டினோம். சதை எடுத்து டெஸ்ட் பண்ண வேண்டும், அடுத்த வியாழக்கிழமை வாருங்கள் என்றார்கள்.

இதற்குள் அம்மாவுக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது: "சீனிதான் புற்றுக்குத் தீனி." அன்றைக்கே சீனி டப்பா பரணில் ஏறிவிட்டது. கடையிலும் அப்பாவுக்குச் சீனி போடக்கூடாது என்று எனக்கு உத்தரவு. மனுஷன் ஒரு நாளைக்கு ஏழு டீ குடிப்பார், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். கணக்குப் போட்டால் 60 கிராம் பக்கம் வரும். இப்போது சீனி இல்லாத டீயை வேப்பெண்ணெய் குடிப்பதுபோல் குடித்துவிட்டு, "வாய் கசக்குது" என்று இடுப்புப் பையிலிருந்து பாக்கை எடுத்து அதக்கிக்கொள்கிறார். முன்னைவிடக் கூடுதலாகவே அதக்குகிறார். புகையிலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது, இது வெறும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புதான்.

சீனி சாப்பிட்டால் வாயில் புற்று வருமா? வந்திருந்தால், சீனியை நிறுத்தினால் அடங்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இனி அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கையில் விஷயம் இருக்க வேண்டும்.

சாயல்குடி பனைக்காரர்:

அண்ணே, வெள்ளைச் சீனி விஷம்தான், அம்மா சொல்வது சரி. கருப்பட்டிக்கு மாறுங்கள். எங்கள் பக்கம் பனை ஏறுகிற வீடுகளில் பதநீரும் கருப்பட்டியும்தான், யாருக்கும் ஒன்றும் வந்ததில்லை. கடையில் கருப்பட்டிக் காப்பி போடுங்கள், கூட்டமும் வரும். நல்ல கருப்பட்டி வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

தேவிபட்டினம் பல் டாக்டர்:

சொந்த ஊர் தேவிபட்டினம், வேலை மதுரையில். வாரம் தவறாமல் நம் கரையோரத்திலிருந்து இப்படி ஒரு வாயாவது என் நாற்காலிக்கு வந்துவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சீனி. அம்மாவுக்கு வந்த செய்தி முழுப் பொய் இல்லை. 1920களிலேயே ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் என்பவர், புற்றுச் செல்கள் குளுக்கோஸை வாரி இழுக்கின்றன என்று கண்டார். இன்றைக்கு எடுக்கும் பெட் ஸ்கேனே அந்தக் குணத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளில் கொஞ்சம் கதிரியக்கம் ஏற்றி ஊசியில் போடுவார்கள், அதைக் கட்டி அதிகமாக இழுத்துக்கொண்டு படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் வாயால் சீனி தின்னாவிட்டால் கட்டி பட்டினி கிடக்கும் என்பது தப்புக் கணக்கு. சோற்றிலிருந்து குளுக்கோஸ் வரும். சோற்றையும் நிறுத்தினால் ஈரலே தயாரித்துக் கொடுக்கும். மூளைக்கும் அதுதான் சாப்பாடு, உடம்பு விடாது.

சீனியால் வாய்ப்புற்று வருமா என்பதற்கு 2025இல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 1,62,602 பெண்கள், எல்லாரும் நர்சுகள், பல வருஷம் பின்தொடரப்பட்டவர்கள். இனிப்புக் குளிர்பானம் தினமும் ஒன்றோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு, மாதம் ஒன்றுகூடக் குடிக்காதவர்களைவிட வாய்க்குழிப் புற்று ஏறக்குறைய ஐந்து மடங்கு. கேட்டால் தூக்கிவாரிப் போடும். ஆனால் அத்தனை பேரில் புற்று வந்தது 124 பேருக்கு, அவ்வளவுதான். குளிர்பானம்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவும் இல்லை. ஈறு வீக்கம், வாயில் இருக்கும் கிருமிகள் மாறுவது என்று ஒரு சந்தேகம் இருக்கிறது, அவ்வளவே. அது பாக்கு அதக்குகிறவர்களைப் பற்றிய ஆய்வும் இல்லை.

இப்போது பாக்குக்கு வருவோம். "வெறும் பாக்குதான்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த "வெறும்" என்ற சொல்லை இங்கே தினமும் கேட்கிறேன். புகையிலை இல்லாத பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்டுவிட்டது. புகையிலையையும் பாக்கையும் ஒரே பட்டியலில், முதல் வரிசையில் வைத்திருக்கிறார்கள். பாக்கில் உள்ள அரிகோலின் கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நாரை வளரவிடுகிறது. கன்னம் தோல்வார் மாதிரி இறுகும், காரம் எரியும், வாய் கொஞ்சங்கொஞ்சமாகத் திறக்காமல் போகும். அப்பா மீன் குழம்பை நகர்த்துவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். அவருடைய கையிலேயே மூன்று விரலைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக, நெடுக்கு வாக்கில் முன்பற்களுக்கு நடுவே விடச் சொல்லுங்கள். போகாவிட்டால் வியாழக்கிழமை டாக்டரிடம் மறக்காமல் அதைச் சொல்லுங்கள். திட்டுக்கு எதிரே உடைந்த பல் ஏதாவது உரசுகிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏழு டீ, பதினாலு ஸ்பூன் என்றால் பல் சொத்தையாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். டார்ச்தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். திருவனந்தபுரம் பக்கம் 1996இல் தொடங்கி, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களை விட்டு வாயைத் திறந்து பார்க்கவைத்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது.

சாயல்குடி அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. கருப்பட்டியில் மணம் உண்டு, கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு. ஆனால் பெரும்பங்கு சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். பல்லுக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

சாயல்குடி பனைக்காரர்:

கோபம் இல்லை டாக்டர். ஆனாலும் கருப்பட்டி கருப்பட்டிதான்.

மண்டபம் டீக்கடை:

டாக்டர், நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "உங்க பாட்டி சாகும்வரைக்கும் வெத்தல போட்டா, அவளுக்கு என்ன வந்துச்சு?" என்கிறார்கள். இதற்கு என்ன சொல்ல?

பாம்பன் அக்கா:

தம்பி, எங்கள் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகிற பெண்களில் பாதிப் பேர் வாயில் வெற்றிலை பாக்கு இருக்கும். குளிருக்கு என்பார்கள், பசிக்கு என்பார்கள். நானும் போட்டவள்தான். ஒன்றும் வராதவர்களைத்தான் நாம் எண்ணுகிறோம். என் வீட்டுக்காரருக்கு வந்தது.

கீழ்த்தாடையில் ஆபரேஷன், அப்புறம் ஆறு வாரத்துக்கு மேல் கரண்ட். (ரேடியேஷனை நாங்கள் கரண்ட் என்றுதான் சொல்வோம்.) அந்த நேரத்தில் ஒரு சொந்தக்காரர் வந்து சீனியும் கூடாது பாலும் கூடாது என்றார். நானும் அதைக் கேட்டு உப்புக் கஞ்சியாகவே கொடுத்தேன். பத்து நாளில் எலும்பாகிவிட்டார். வாயெல்லாம் புண், எச்சில் வற்றிப்போய் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு நர்சம்மா என்னைத்தான் திட்டினார்கள். எடை குறைந்தால் கரண்டைப் பாதியில் நிறுத்த வேண்டி வரும், கேழ்வரகுக் கஞ்சியில் பாலும் சீனியும் போட்டுக் கொடு, முட்டையும் கொடு என்றார்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு டாக்டர் வேறு மாதிரிச் சொல்லலாம், இவருக்கு அது இல்லை. கரண்ட் வைப்பதற்கு முன்னாலேயே சொத்தைப் பல்லை எல்லாம் எடுத்துவிட்டார்கள், அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவுக்கு அதெல்லாம் தேவைப்படாமல் போகட்டும்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடை முன்னால் என்ன சரம் தொங்குகிறது? பன்னீர் வாசத்தோடு, சீனித் தண்ணீரில் ஊறினது மாதிரி இனிப்பாக, சின்னச் சின்னப் பொட்டலம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் மிட்டாய் என்று நினைத்து வாங்குமே, அதுதான்.

மண்டபம் டீக்கடை:

அக்கா, இரண்டு நாளாகப் பதில் எழுதவில்லை. தொங்குகிறது. மூன்று கலரில் தொங்குகிறது. குட்கா, பான் மசாலா தமிழ்நாட்டில் 2013இல் தடை ஆனதிலிருந்து நான் தொட்டதே இல்லை, கடையில் எந்த இரண்டாம் நம்பர் சரக்கும் கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த இனிப்புப் பாக்கை நான் கணக்கிலேயே வைக்கவில்லை. என் தங்கச்சி மகன் ஆறாவது படிக்கிறான், கல்லாவுக்கு வந்து உரிமையோடு கிழித்துக்கொண்டு போவான். நானும் சீனியைப் பற்றித்தானே கேட்டேன். சீனி அந்தப் பாக்கின் மேலேயே பூசியிருக்கிறது. அது இல்லாவிட்டால் அந்தத் துவர்ப்பை எந்தப் பிள்ளை வாயில் வைக்கும்?

சரத்தை அறுத்துச் சாக்கில் போட்டுவிட்டேன். மொத்த வியாபாரி திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார், நஷ்டம் என்னோடு போகட்டும். நேற்று ஒரு பையன் கேட்டான், இல்லை என்றேன், எதிர்க் கடைக்குப் போனான்.

அப்பாவை விரல் விடச் சொன்னேன். இரண்டு விரல்தான் போனது. மூன்றாவதை அழுத்திப் பார்த்துவிட்டு, "இட்லி போகுதுல்ல, போதும்" என்று சிரிக்கிறார். வியாழக்கிழமை டாக்டரிடம் காட்டிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள், டீக்கு அரை ஸ்பூன் அனுமதி, ஏழு டீ நாலாகக் குறைந்தது. அப்பா பாக்குப் பையைப் பேச்சே இல்லாமல் என்னிடம் கொடுத்துவிட்டார். பாக்குவெட்டி மட்டும் இன்னும் அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது.