புதுப்பிப்பு: கேமிங் லேப்டாப்பில் டிஸ்ப்ளே டிரைவர் கிராஷ் சரியாகிவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: கேம் தொடங்கி இருபது நிமிடத்தில் திரை கறுத்துவிடும், ஒலி மட்டும் ஒரே இடத்தில் இழுத்துக்கொண்டு நிற்கும், பிறகு டெஸ்க்டாப் வந்துவிடும். ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) ஒவ்வொரு முறையும் 4101, அதாவது டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்காமல் நின்று மீண்டது என்ற பதிவு.

முதலில் ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர் டிலேவை, அதாவது கிராஃபிக்ஸ் சிப் (ஜிபியு) பதிலளிக்க விண்டோஸ் காத்திருக்கும் நேரத்தை, 8 நொடி ஆக்கிப் பார்த்தேன் (இயல்பாக 2 நொடி). திரை கூடுதல் நேரம் உறைந்து நின்றதுதான் மிச்சம், நீக்கிவிட்டேன். சூடும் காரணமில்லை, ஜிபியு 78 டிகிரியைத் தாண்டவே இல்லை.

பலன் தந்தது டிடியூ (பழைய டிஸ்ப்ளே டிரைவரை முழுதாக நீக்கும் கருவி) யோசனைதான். முன்பு அதைச் செய்தும் பயனில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? அன்று வைஃபையை அணைக்கவில்லை. ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் தானாகவே ஒரு டிரைவரைப் போட்டுவிட்டது. இதைக் கவனித்துச் சொன்னவருக்குத் தனி நன்றி. இந்த முறை டிரைவரை முன்பே இறக்கி வைத்து, வைஃபையை அணைத்து, சேஃப் மோடில் டிடியூ ஓட்டி, டிரைவரை நிறுவிய அப்புறம்தான் நெட்டை இணைத்தேன்.

எதிர்பாராத ஒன்று: கிராஷ் நின்றும் திரை அவ்வப்போது மினுக்கியது. இரட்டை கிராஃபிக்ஸ் உள்ள பல லேப்டாப்களில் தனி ஜிபியு வரைந்த படம் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் வழியாகத்தான் திரைக்கு வருகிறது. என் லேப்டாப்பில் அந்த உள்ளமைந்த கிராஃபிக்ஸின் டிரைவர் இரண்டு வருடப் பழையது. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதியதைப் போட்டதும் மினுக்கலும் போனது.

இன்றோடு ஒன்பது நாள். 4101 ஒன்றுகூட இல்லை.