உயிரியல் வகுப்பில் பிள்ளைகள் சொன்ன பதில்கள்: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

கே.வி.குப்பம் டீச்சர்

இந்த வருஷம் செயலாராய்ச்சிக்கு (ஆசிரியர் தன் வகுப்பையே வைத்துச் செய்யும் ஆய்வு) ஒளிச்சேர்க்கையை எடுத்திருக்கிறேன். பாடம் நடத்தும் முன்பே பிள்ளைகள் மனதில் என்ன இருக்கிறது என்று எழுதி வாங்குவது வேலையில் பாதி. பாடம் முடிந்தபின் அது மாறியதா என்று பார்ப்பது மீதி. உங்கள் வகுப்பில் பிள்ளைகள் சொல்லி உங்களை யோசிக்க வைத்த பதில் ஏதாவது இருந்தால் இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையது.

ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன்: "ஒரு வேப்பங்கொட்டை முளைத்து இவ்வளவு பெரிய மரமாகிறது. இத்தனை கட்டையும் எங்கிருந்து வந்தது?" ஏறக்குறைய எல்லோரும் மண்ணிலிருந்து என்றுதான் எழுதினார்கள். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைக் கேட்டால் இதே பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். கார்பன் டைஆக்சைடு, நீர், மேலே சூரிய ஒளி, கீழே பச்சையம், அம்புக்குறி, குளுக்கோஸ், ஒன்றும் தப்பாது. மரத்தின் எடைக்கும் அந்தச் சமன்பாட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு பெண் எழுந்து வாதாடினாள். கத்திரித் தோட்டத்து வீட்டுப் பிள்ளை. "எரு போடலன்னா செடி எழும்பாது டீச்சர். அப்ப எருதானே அதுக்குச் சாப்பாடு?" அனுபவத்தில் பார்த்ததை வைத்துப் பேசுகிறாள். தவறு என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் விறகடுப்பு இருப்பவர்கள் யார் என்று கேட்டேன். பாதிக் கை உயர்ந்தது. "ஒரு கட்டு விறகு எரிச்சா சாம்பல் எவ்வளவு தேறும்?" "ரெண்டு கை டீச்சர்." தண்ணீரை விட்டுவிட்டால், மண்ணிலிருந்து மரம் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் அந்தச் சாம்பல் அளவுதான், எருவும் அந்தக் கணக்கில்தான் வரும் என்றேன். "அப்ப மிச்சமெல்லாம் பொகையாவா போச்சு?" புகையாகவும், கண்ணுக்குத் தெரியாத கார்பன் டைஆக்சைடாகவும் நீராவியாகவும் போனது என்றேன். அடுத்த கேள்வியும் அவளிடமிருந்துதான்: "காத்துக்கு ஏது டீச்சர் வெயிட்டு?"

அங்கேதான் முடிச்சு என்று அப்போது பிடிபட்டது. காற்றுக்கு எடை உண்டு என்பதை நம்பாத பிள்ளைக்கு, காற்றிலிருந்து மரம் வந்தது என்றால் அது மந்திரம் போலத்தான் கேட்கும். உயிரியலை நிறுத்திவிட்டு இயற்பியலுக்குப் போனோம். பந்தைக் காற்றடித்து ஒரு தரம், இறக்கி ஒரு தரம், பக்கத்து நகைக்கடையில் இரவல் வாங்கிய தராசில் வைத்தோம்.

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய விஞ்ஞானி வான் ஹெல்மாண்ட் கதையையும் சொன்னேன். 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, 5 வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது 2 அவுன்ஸ். அவர் இறந்தபின் 1648-இல் வெளியான நூலில் இது இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அதே மனிதர்தான் 62 பவுண்டு கரியை எரித்து 1 பவுண்டு சாம்பல் மிஞ்சுவதைக் கண்டு, மற்றது வாயுவாகப் போனது என்றும் எழுதினார். இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. எங்கள் பிள்ளைகளை நான் எப்படிக் குறை சொல்வேன்?

ஆம்பூர் ஓய்வு

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். புளியமரம் இல்லாமல் நம் ஊரில் உயிரியல் பாடம் ஏது? "ராத்திரி புளியமரத்தடியில் படுக்காதே, பேய் அடிக்கும்" என்பது பாட்டி சொன்னது. "பேய் இல்லை, மரம் இரவில் கரியமில வாயு விடுகிறது" என்பது நாங்கள் வாத்தியார்கள் அதற்குச் சொன்ன பகுத்தறிவு விளக்கம். இந்த இரண்டாவதைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுகிறேன். திறந்தவெளியில் ஒரு மரம் இரவில் விடும் கார்பன் டைஆக்சைடு யாரையும் ஒன்றும் செய்யாது. ஒரே அறையில் பக்கத்தில் படுத்திருக்கும் அண்ணனும் தம்பியும் விடுவதற்கு யாரும் பயப்படுவதில்லையே.

அந்த விளக்கம் பிள்ளைகள் மனதில் வேறு ஒன்றையும் விதைத்துவிடுகிறது: செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் மட்டும் சுவாசிக்கும், ஏதோ இரண்டு ஷிப்ட் வேலை மாதிரி. செடி இருபத்து நாலு மணி நேரமும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதை விஞ்சி நிற்பதால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். 1987-இல் ஆஸ்திரேலியாவில் ஹாஸ்லம், டிரெகஸ்ட் என்ற இருவர் இதற்கென்றே ஒரு தேர்வு தயாரித்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு அடுக்கு. முதலில் விடை, அப்புறம் அந்த விடைக்குக் காரணம். வெளிச்சம் இல்லாதபோதுதான் செடி சுவாசிக்கும் என்று அங்கேயும் ஏராளமான உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதினார்கள். ஆக இது ஆம்பூர்க் கோளாறு மட்டும் அல்ல.

அந்த முறையைப் பணிக்காலத்தின் கடைசியில் நானும் பிடித்துக்கொண்டேன். "இரவில் செடி எந்த வாயுவை உள்ளே எடுக்கும்?" என்றால் வகுப்பே ஆக்ஸிஜன் என்று சரியாகச் சொல்லும். ஏன் என்று கேட்டால்தான் கூத்து. "பகல்ல விட்டத திரும்ப எடுத்துக்கும் சார்" என்றான் ஒருவன். ஒன் வேர்டு கேள்வியில் அவனுக்கு முழு மார்க். கைடு போட்டவர்களுக்கும் அதோடு திருப்தி.

இன்னொரு பையன் சொன்னதை மட்டும் ரசித்தேன். "சாயங்காலம் பாருங்க சார், மரம் தூங்கிடும், எல மூடிக்கிது." போய்ப் பார்த்தால் உண்மை. புளிய இலைச் சிற்றிலைகள் பொழுது சாய்ந்தால் மடிந்துகொள்ளும். அந்த மரத்தடியில் வருஷக்கணக்கில் அசெம்பிளி நடத்தியிருக்கிறோம்.

ஜவ்வாது மலை

மலையில் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் வேலை. ஆசிரியர் பயிற்சியில், பிள்ளைகள் செடிகொடிகளைக் கவனிப்பதே இல்லை என்று படித்தேன். 1999-இல் வாண்டர்சியும் ஷஸ்லரும் அதற்கு 'தாவரக் குருடு' என்கிற பொருளில் ஒரு பெயரே வைத்தார்கள். இங்கே வந்து பார்த்தால் குருடு நான்தான். கொம்புத்தேன், பாறைத்தேன், கொசுத்தேன் ஒவ்வொன்றையும் எந்த மாதத்தில் எடுக்கலாம், அப்போது எந்த மரம் பூத்திருக்கும் என்று ஏழாம் வகுப்புப் பையன் சொல்கிறான். தேர்வில் 'மகரந்தச் சேர்க்கை என்றால் என்ன' என்பதற்கு மட்டும் வெறும் தாள் கொடுக்கிறான்.

செரிமானம் நடத்தும்போது ஆட்டை எடுத்துக்கொண்டேன். நான் ஆரம்பிப்பதற்குள், "அசை போடலன்னா ஆட்டுக்குச் சீக்கு சார், வயிறு உப்பும்" என்று ஒரு பெண் சொன்னாள். உப்பினால் எந்தப் பக்கம் உப்பும் என்று கேட்டேன். இடப்பக்கம் என்று தன் விலாவில் கை வைத்துக் காட்டினாள். முதல் இரைப்பை இருப்பது அந்தப் பக்கம்தான். புத்தகப் படத்தில் இடம் வலம் தெரியாது, அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜப்பானில் இனாகாகி, ஹதானோ இருவரும் செய்த ஆய்வு நினைவுக்கு வந்தது. வீட்டில் தங்கமீன் வளர்க்கும் ஐந்து வயதுக் குழந்தைகளிடமும் வளர்க்காதவர்களிடமும் தவளையைப் பற்றிக் கேட்டார்கள். யாருக்கும் தவளை வளர்த்துப் பழக்கமில்லை. குட்டித் தவளையை அப்படியே குட்டியாக வைத்திருக்க முடியுமா என்றால், மீன் வளர்த்த குழந்தை "முடியாது, என் மீன் பெரிதான மாதிரி அதுவும் பெரிதாகும்" என்ற வழியில் யோசிக்கிறது. வளர்த்த அனுபவம் பார்க்காத உயிர் வரைக்கும் கை கொடுக்கிறது.

சரி, அதற்காக இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் முடியாது. அதே பெண் மனிதனுக்கும் நாலு அறை வயிறு என்று எழுதினாள். இன்னொருவன், "அப்ப தாத்தா ராத்திரி ஏப்பம் வுடறது அசை போடத்தானா?" என்றான். ஆட்டிலிருந்து மனிதனுக்கு எதைக் கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோகக் கூடாது என்று பிரித்துக் காட்ட ஒரு பீரியட் முழுக்க ஆனது. அந்த ஒரு பீரியட்தான் நான் ஒழுங்காகப் பாடம் நடத்தியது என்று நினைக்கிறேன்.

காட்பாடி எம்.எட்.

இரண்டு வருஷத்துக்கு முன் எம்.எட். முடித்தேன். கல்லூரி பெயர் வேண்டாம். ஆய்வுக்கு உயிரியலில் பிள்ளைகளின் முன்கருத்துகளை, அதாவது பாடத்துக்கு முன்பே மனதில் இருக்கும் எண்ணங்களை, எடுக்கிறேன் என்று வழிகாட்டியிடம் சொன்னேன். "அதெல்லாம் புள்ளிவிவரத்துக்குள் அடங்காதும்மா, மனப்பான்மை அளவுகோல் எடு" என்றார். 'உயிரியல் பாடம் எனக்கு ஆர்வமூட்டுகிறது', அதற்கு முழுமையாக ஒப்புக்கொள்கிறேன் முதல் முற்றிலும் மறுக்கிறேன் வரை ஐந்து கட்டம். பள்ளி பள்ளியாகப் போய்க் கொடுத்தேன். டீச்சர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பிள்ளை மறுக்கும்? ஒரு பெண் ரகசியமாக, "எதுல டிக் போட்டா மார்க்குக்கா?" என்று கேட்டாள். கடைசியில் என் ஆய்வின் முடிவு: நகர்ப்புற, கிராமப்புற மாணவர்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எங்கள் நூலக அலமாரியில் இதே முடிவோடு ஆய்வேடுகள் தடித்தடியாகத் தூங்குகின்றன. பிள்ளை என்ன நினைக்கிறாள் என்பது எதிலும் இல்லை.

அந்த ஆற்றாமையில் அக்கா பிள்ளைகளையும் தெருப் பிள்ளைகளையும் உட்காரவைத்து, "உன் உடம்புக்குள் என்ன இருக்கிறது, வரை" என்றேன். மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் (1974-இலிருந்து இருக்கிறது, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது) ஜெயஸ்ரீ ராமதாஸும் அவரோடு வேலை செய்தவர்களும் உடல் மண்டலங்களைப் படமாகவும் எழுத்தாகவும் பிள்ளைகளிடம் வாங்கி ஆராய்ந்திருக்கிறார்கள். அதைப் படித்த தைரியம்.

வந்த படங்களில் இதயம் பெரும்பாலும் சினிமா போஸ்டர் இதயம். அதைவிட, வாயிலிருந்து இரண்டு குழாய் போட்டிருந்தார்கள். ஒன்று இட்லிக்கு, ஒன்று தண்ணீருக்கு. தண்ணீர்க் குழாய் நேரே கீழே போய்ச் சிறுநீராக வெளியே வந்துவிடும். குடித்தால் கொஞ்ச நேரத்தில் போக வேண்டியிருக்கிறதே, அவர்கள் கணக்கில் அது நியாயம்தான். பத்தாம் வகுப்பு முடித்த அக்கா மகள் செரிமான மண்டலப் படத்தைப் பாகம் குறித்து அழகாக வரைந்தாள். அந்தப் படத்தில் தண்ணீர் போகிற வழியை விரலால் காட்டு என்றேன். தொண்டை வரை வந்தாள், அப்புறம் பக்கவாட்டில் ஒரு கோடு இழுத்தாள். இரத்தமும் சிறுநீரகமும் அவளுக்கு வேறு பாடத்தில் இருந்தன.

பழைய எண்ணம் போய்ப் புதியது வருவதில்லை, இரண்டும் சேர்ந்தே குடியிருக்கின்றன. 2009-இல் கோல்ட்பர்க், தாம்சன்-ஷில் செய்த ஆய்வில், அவசரப்படுத்திக் கேட்டபோது உயிரியல் பேராசிரியர்களுக்கே விலங்கை உயிருள்ளது என்று சொல்வதைவிடத் தாவரத்தைச் சொல்லக் கூடுதல் நேரம் பிடித்தது. அப்புறம் அக்கா மகளைத் திட்டுவானேன்.

கரிகிரி பஸ் ரூட்

பாக்டீரியா பாடத்தில் தொழுநோய் வரும். எங்கள் பிள்ளைகள் தினமும் தாண்டிப் போகும் பாதையில் 1955-இலிருந்து தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை இருக்கிறது. ஆனாலும் வகுப்பில் கேட்டால் "பரம்பரை நோய் சார்" என்பார்கள். ஏன் என்று கேட்டேன். "அப்பாவுக்கு இருந்துச்சு, பத்து வருஷம் கழிச்சு மகனுக்கு வந்துச்சு. ஒட்டுற நோயா இருந்தா உடனே வரணுமே?" நல்ல தர்க்கம். காய்ச்சல், சளி பார்த்துப் பழகிய கணக்கு அது. இந்தக் கிருமி ஒரு தடவை இரண்டாகப் பிரியவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும், அறிகுறி தெரியச் சராசரியாக 5 வருஷம், சிலருக்கு 20 வருஷம்கூட ஆகலாம் என்று சொன்னபோதுதான் அந்த வாதம் இளகியது. 1873-இல் ஹான்சன் கிருமியைக் கண்டுபிடித்ததை மட்டும் சொல்லியிருந்தால் மார்க் வந்திருக்கும், எண்ணம் நகர்ந்திருக்காது.

விரல் அழுகி விழும் என்ற எண்ணத்துக்கு நம்மூர்ச் சரித்திரமே இருக்கிறது. வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை மருத்துவராக இருந்த பால் பிராண்ட், விரல்கள் தேய்வதற்குக் காரணம் உணர்ச்சி போனபின் தெரியாமல் படும் காயங்களும் தீக்காயங்களும்தான் என்று எடுத்துக் காட்டினார். பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சை நூலாகத் திரித்துப் புறங்கையில் தொட்டேன். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். எல்லோரும் காட்டினார்கள். "இது தெரியாதவர் சூடான டம்ளரை எப்படிப் பிடிப்பார்?" என்றேன். அதற்குப் பிறகு மாத்திரையால் குணமாகும், மருந்து இலவசம் என்பதையெல்லாம் அவர்களே கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

கே.வி.குப்பம் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. ஆம்பூர் ஐயா சொன்ன இரண்டு அடுக்கு முறையிலேயே என் கேள்வித்தாளை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். காரணத்துக்கு நாலு விருப்பம் கொடுக்க வேண்டும். அவற்றை நானே கற்பனை செய்யாமல் பிள்ளைகள் சொன்ன வாக்கியங்களையே போடுகிறேன், "பகல்ல விட்டத திரும்ப எடுத்துக்கும்" உட்பட. ஒரு சந்தேகம். விடை சரி, காரணம் தவறு என்றால் பூஜ்யம் போடுவதா, அரை மார்க் போடுவதா? ஆய்வுக்கு மார்க்கே வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனால் மார்க் இல்லை என்றால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பேனாவையே எடுக்க மாட்டார்கள். ஐயாவும் காட்பாடிப் பிள்ளையும் என்ன செய்தீர்கள்?