ஒதுக்குப்புற வீட்டின் கழிவுநீர்க் குழாய்: வருடாவருடம் ஆள் வைத்துக் கழுவ வேண்டுமா?

மேட்டுவீடு
எங்கள் வீடு ஊருக்கு வெளியே தனியாக இருக்கிறது. பொதுச் சாக்கடை கிடையாது. வீட்டிலிருந்து 4 அங்குலக் குழாய் தோட்டத்தைத் தாண்டி செப்டிக் டேங்குக்குப் போகிறது, அங்கிருந்து உறிஞ்சுகுழி. கொஞ்ச நாளாகக் கழிவறையில் தண்ணீர் விட்டால் குளியலறை ஓட்டையில் கொளக் கொளக் என்று சத்தம் வருகிறது. குழாய் சுத்தம் செய்யும் ஒரு நிறுவனத்துக்குப் போன் போட்டேன். நேரில் பார்க்காமலேயே, "ஜெட் அடித்துவிடலாம் (அழுத்தமான தண்ணீரைப் பீய்ச்சிக் குழாயைக் கழுவுவது), அப்படியே வருடாந்திர ஒப்பந்தமும் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். போடலாமா?

கம்பிச்சுருள்
வேண்டவே வேண்டாம். வாட்டம் சரியாக இருக்கும் குழாயை யாரும் வருடாவருடம் கழுவத் தேவையில்லை. 4 அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் இறக்கம் கொடுத்திருந்தால், விடுகிற தண்ணீரே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். வாட்டம் இல்லாத குழாய்க்கு மாதாமாதம் ஜெட் அடித்தாலும் அது மறுபடி அடைக்கத்தான் செய்யும். ஒரு ஸ்பிரிங் கம்பியை வாடகைக்கு எடுத்து நீங்களே விட்டுப் பாருங்கள்.

சேம்பர்மூடி
நான் இந்தத் தொழிலில் இருப்பவன். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள். ஸ்பிரிங் கம்பி அடைப்பில் ஒரு ஓட்டை போடும், அவ்வளவுதான். சுற்றிலும் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கும், கொஞ்ச நாளில் அதே இடம் மறுபடி அடைக்கும். ஜெட் வேலை செய்யும் விதமே வேறு. ஹோஸ் முனையில் இருக்கும் நாசிலின் பின்பக்கத் துளைகளில் சீறும் தண்ணீர்தான் ஹோஸை முன்னால் இழுத்துக்கொண்டு போகிறது. திரும்ப இழுக்கும்போது அதே தண்ணீர் குழாய்ச் சுவரை உரித்து, கழிவைப் பின்னால் தள்ளிக்கொண்டு வரும். அதனால்தான் டேங்க் பக்கமிருந்து வீட்டை நோக்கி விடுகிறோம். வருகிற குப்பை டேங்கில் விழுந்துவிடும். தோட்டத்துக்கு அடியில் நீளமாகப் போகும் குழாய் என்றால் செடி வேரும் உள்ளே நுழையும். வாடகைக் கம்பியால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

கம்பிச்சுருள்
வேர் எங்கே நுழைகிறது சார்? ஜாயின்ட் விட்ட இடத்தில், விரிசலில். நீங்கள் வேரை வெட்டிவிட்டுப் போவீர்கள், விரிசல் அங்கேயே இருக்கும். கவாத்து செய்த செடி மாதிரி அடுத்த வருடம் இன்னும் அடர்த்தியாக வரும். அந்த ஒரு ஜாயின்டைத் தோண்டி மாற்றினால் உங்கள் ஒப்பந்தத்துக்கு வேலையே இல்லை.

சேம்பர்மூடி
தோண்ட முடிந்த இடமென்றால் நானும் தோண்டத்தான் சொல்வேன். ஆனால் எந்த ஜாயின்ட் என்று எப்படித் தெரியும்? கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கும் எங்களைத்தானே கூப்பிட வேண்டும்? திண்ணைக்கு அடியில் குழாய் போகும் வீட்டுக்காரர், இடிப்பதைவிட வருடம் ஒருமுறை வெட்டிக்கொள்வதே மேல் என்கிறார். அது அவர் கணக்கு.

நுரைமீன்
இவ்வளவு எதற்கு? ராத்திரி காஸ்டிக் சோடா ஊற்றிவிட்டுப் படுங்கள், காலையில் சரியாகிவிடும்.

சேம்பர்மூடி
தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் தேங்கி நிற்கும் குழாயில் காஸ்டிக் சோடா கொதிக்கிற மாதிரி சூடாகும், பிவிசி இளகிப்போகலாம். அடைப்பும் போகாமல் அது உள்ளேயே நின்றால், அடுத்து ஜெட் அடிக்க வருபவர் முகத்தில் தெறிக்கும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் வருகிற ஆளிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். ஆசிட்டையும் ப்ளீச்சையும் அடுத்தடுத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. அதில் குளோரின் வாயு கிளம்பும்.

கம்பிச்சுருள்
இதில் மட்டும் சேம்பர்மூடி சொல்வதுதான் சரி. டேங்குக்கென்று விற்கும் பாக்டீரியா பாக்கெட்டையும் இந்த 'வேண்டாம்' பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். டேங்கில் இல்லாத பாக்டீரியாவா?

ஈரமண்
குழாயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்களே, அடைப்பு குழாயில்தான் என்று யார் சொன்னது? அந்தச் சத்தம் காற்றுக்கு வழியில்லாததால் வருவது. வென்ட் பைப் (காற்றுப்போக்குக் குழாய்) உச்சியில் கூடு கட்டியிருந்தாலும் வரும், டேங்க் நிறைந்து நின்றாலும் வரும். மேட்டுவீடு, டேங்கின் வெளிவாய்ப் பக்க மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தை மட்டும் பாருங்கள். வெளிவாய்க் குழாயின் அடிவிளிம்பில் நின்றால் டேங்க் சரி, சிக்கல் வீட்டுப் பக்கம். அதற்கு மேல் ஏறியிருந்தால் வெளிவாயோ உறிஞ்சுகுழியோ அடைத்திருக்கிறது. அப்போது வீட்டுக் குழாயில் ஜெட் அடிப்பது வீண்.

சேம்பர்மூடி
திறப்பதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுத் திறங்கள். குனிந்து தலையை நீட்டக் கூடாது, உள்ளே இறங்கவே கூடாது. டேங்கில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சுமார் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றதும் ஆபத்து போய்விட்டது என்று நினைப்பார்கள். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து செத்த கதைகள் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மீத்தேனும் இருக்கும், பீடி, தீக்குச்சி பக்கத்திலேயே கூடாது. காற்று வரும் பக்கம் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள், பார்த்ததும் மூடிவிடுங்கள்.

மேட்டுவீடு
தள்ளி நின்றே பார்த்தேன். வெளிவாய்க் குழாய் முழுக்க முங்கிக் கிடக்கிறது. மேலே ஏடு தடியாக மிதக்கிறது.

ஈரமண்
அப்போது ஜெட் வண்டி வேண்டாம், கசடு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். உறிஞ்சும்போது பக்கத்தில் நில்லுங்கள். மட்டம் இறங்க இறங்க வெளிவாய் வழியாகத் தண்ணீர் திரும்பி டேங்குக்குள் கொட்டினால் உறிஞ்சுகுழி நிரம்பிவிட்டது என்று அர்த்தம். டேங்கைக் காலி செய்தாலும் சீக்கிரமே பழைய நிலைதான். திரும்பி வராவிட்டால் வெளிவாயில் இருக்கும் டி வடிவக் குழாயில் ஏடு அடைத்திருக்கலாம், அது சின்ன வேலை. ஒன்று, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது பிளாஸ்டிக் டேங்கை முழுக்கக் காலி செய்யாதீர்கள், மண்ணைப் பிளந்துகொண்டு மிதந்து எழும்பும்.

சேம்பர்மூடி
பார்த்தீர்களா, இதற்குத்தான் வருடம் ஒருமுறை ஆள் வந்து பார்க்க வேண்டும் என்கிறேன். ஒழுங்காகப் பார்த்திருந்தால் ஏடு இவ்வளவு தடித்திருக்காது.

கம்பிச்சுருள்
போனில் பேசிய ஆள் பார்க்கவா வருகிறேன் என்றார்? ஜெட் அடிக்க அல்லவா வருகிறேன் என்றார். பார்ப்பதற்கு நீளமான கழி போதும். கழியின் அடியில் வெள்ளைத் துணி சுற்றி, தள்ளி நின்றபடியே தரை தட்டும்வரை இறக்கி எடுத்தால் கறுப்பு ஏறிய உயரம்தான் கசடு. கசடின் மேல்மட்டம் வெளிவாய்க்கு 12 அங்குலத்துக்குள்ளோ, ஏட்டின் அடி 6 அங்குலத்துக்குள்ளோ வந்தால் லாரி. சாதாரணக் குடும்பத்துக்கு 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை வரும். இதற்கு ஒப்பந்தம் எதற்கு?

சேம்பர்மூடி
கழி விடுகிறேன் என்று சொல்லிவிட்டு விடாதவர்கள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள். ஒப்பந்தம் உங்களுக்கு இல்லை, அவர்களுக்கு.

மேட்டுவீடு
லாரிக்குச் சொல்லிவிட்டேன். ஒப்பந்தம் போடவில்லை. தோட்டப் பாதையில் லாரி வராது போலிருக்கிறது, ஹோஸ் எட்டுமா?

ஈரமண்
பாதைமுனையிலிருந்து டேங்க் வரை அடி போட்டு அளந்து, தூரத்தை இப்போதே அவர்களிடம் சொல்லுங்கள். டேங்க் மேல் லாரியை ஏற்றவும் விடாதீர்கள், மூடி தாங்காது.