மறு: ஷெட்லாந்து சால்வை – 'ஸ்டிட்ச்' தையலா, கண்ணியா?

குழுவினருக்கு வணக்கம்.

கைப்பின்னல் (நிட்டிங்) சொற்களைத் தமிழாக்கும் நம் பட்டியலுக்கு வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். ஷெட்லாந்து சால்வை ஒன்றின் செய்முறையைத் தமிழில் எழுத உட்கார்ந்ததால்தான் இந்தப் பேச்சே தொடங்கியது. அதனால் அந்தச் சால்வையை முன்னால் வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். அகராதியை முன்னால் வைத்தால் அடுத்த பொங்கல் வரை பேசிக்கொண்டிருப்போம்.

> ஸ்டிட்ச் = தையல். ஏற்கெனவே அகராதிகளில் இருக்கிறது. மாற்ற வேண்டாம்.

ஐயா, என் பெரிய மறுப்பே இதற்குத்தான். துணி தைப்பதற்கும் கம்பளி பின்னுவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பது அவர்கள் பாடு. கைப்பின்னலில் எதையும் எதோடும் தைப்பதில்லை. ஒரு கம்பியில் நூல் வளையங்கள் வரிசையாக நிற்கின்றன. இன்னொரு கம்பியின் முனை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் நுழைந்து புது வளையம் ஒன்றை இழுத்து வருகிறது. பழையது கம்பியை விட்டு இறங்கி, புதியதன் அடியைப் பிடித்துக்கொள்கிறது. தொழில் மொத்தமும் இவ்வளவுதான். நம்பாதவர்கள் ஒரு பழைய பனியனை எடுத்துக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து உற்றுப் பாருங்கள். திருப்பூரில் இயந்திரம் செய்வதும் இதே வளையம்தான். வெட்டிய ஓரம் சுருட்டிக்கொள்வதும், ஒன்று அறுந்தால் வரிசையாகப் பிரிந்து ஓடுவதும் அது தைத்த துணியும் இல்லை, நெய்த துணியும் இல்லை என்பதால்தான்.

அந்த வளையத்துக்கு நம்மிடம் சொல் இருக்கிறது: கண்ணி. மீன்வலையில் இருப்பது கண்ணி. பறவை பிடிக்க வைக்கும் சுருக்கு கண்ணி. பூ கட்டுகிறவர்கள் நூலில் வளைத்துப் போடுவதும் கண்ணி. 'வலை பின்னுதல்' என்ற வினையும் கூடவே வருகிறது. வேறென்ன வேண்டும்?

> கண்ணி என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் ஞாபகம் வருவது கண்ணிவெடி. ஒரு சால்வைக்கு இந்தச் சொல் வேண்டுமா? வளையம் என்று சொன்னால் என்ன?

அக்கா, இதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் 'வளையம்' வேறொரு இடத்தில் இடிக்கிறது. வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பின்னும் முறை ஒன்று உண்டு. இந்தச் சால்வையின் கரையையே அப்படிப் பின்னலாம். அங்கே 'வளையத்தில் 40 வளையம் பின்னுக' என்று எழுத வேண்டி வரும். இதே சால்வையின் மிக மெல்லிய வகையை மோதிர வளையத்துக்குள் நுழைத்துக் காட்டுவார்கள், அங்கும் குழப்பம். கண்ணி என்று வைத்துக்கொண்டால் அடுத்த சொற்கள் தாமே வரிசை கட்டுகின்றன: கண்ணி ஏற்றுதல், கண்ணி அடைத்தல், கண்ணி நழுவுதல், திறந்த கண்ணி. யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். தாயுமானவர் பராபரக்கண்ணி பாடிய மொழியில் அந்தச் சொல்லை வெடிக்கு மட்டும் விட்டுக்கொடுப்பானேன்?

> பின்னல் ஊசி / பின்னல் கம்பி: இரண்டும் வழக்கில் உண்டு.

கம்பிக்கு என் வாக்கு. ஊசி என்றால் காது இருக்க வேண்டும், இதில் இல்லை. தவிர, ஷெட்லாந்துப் பெண்களே தங்கள் பேச்சில் இதை 'வயர்' என்றுதான் சொல்கிறார்கள். அங்கே இடுப்பில் தோல் வார் ஒன்று கட்டுவார்கள். அதன் முன்பக்கம் குதிரைமயிர் அடைத்த ஒரு திண்டு, அதில் நிறையத் துளைகள். வலக்கைக் கம்பியின் பின்முனையை ஒரு துளையில் செருகிவிட்டால் கம்பியின் பாரத்தை இடுப்பு தாங்கிக்கொள்ளும். விரல்களுக்கு நூல் வேலை மட்டும் மிஞ்சும். முதுகில் கூடை நிறைய அடுப்புக்கான புல்கரி (பீட்) சுமந்துகொண்டு நடக்கும்போதே கை பின்னிக்கொண்டிருக்கும் பழைய புகைப்படங்கள் நிறைய உண்டு. அந்த வாருக்குப் 'பின்னல்வார்' போதும் என்று நினைக்கிறேன். சரி, அடுத்தது.

> சால்வை என்பது பொதுச்சொல். தனியாக எதுவும் தேவையில்லை.

தேவை இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, ஏறத்தாழ 60-ஆவது பாகைக் கோட்டில் கிடக்கும் தீவுகள் ஷெட்லாந்து. குளிருக்கு அன்றாடம் போர்த்திக்கொள்ளும் தடித்த சதுரத்துக்கு அங்கே 'ஹாப்' என்று பெயர். போர்த்து, மூடு என்று பொருள்படும் வினையிலிருந்து வந்த பெயர். குழந்தையைச் சுற்றவும் அதுதான், தோளில் போட்டு மார்புக்குக் குறுக்கே இழுத்து முதுகில் முடிச்சுப் போடவும் அதுதான். 1840-களிலிருந்து விற்பனைக்கென்று வளர்ந்த மெல்லிய பூவேலைச் சதுரம் வேறு. வடகோடியில் இருக்கும் அன்ஸ்ட் தீவு இதற்குப் பேர்போனது. ஆட்டின் கழுத்துப் பக்கத்து மயிரைக் கத்தரிக்காமல் கையாலேயே உருவி, தலைமயிர் கனத்துக்கு நூற்று, ஆறடிச் சதுரம் பின்னினால் மொத்த எடை 100 கிராமைத் தொடாது. மோதிரத்துக்குள் நுழைவது இதுதான்.

நம்மிடம் போர்த்துவதிலிருந்து வந்த 'போர்வை' இருக்கிறது, 'சால்வை'யும் இருக்கிறது. முன்னதை ஹாப்புக்கும் பின்னதை மெல்லியதற்கும் கொடுத்துவிடலாம். சால்வை என்றதும் மேடையும் மைக்கும் ஞாபகம் வருகிறதே என்பவர்களுக்கு என்னிடம் மருந்தில்லை.

> பார்டர், எட்ஜிங் இரண்டுக்கும் 'கரை' போதுமே?

போதாது. இந்தச் சால்வையின் கட்டுமானமே அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. நடுவில் ஒரு சதுரம். அதைச் சுற்றி நாலு பக்கமும் அலை அலையாக அகலமான பட்டை. அதற்கும் வெளியே, பல் பல்லாக வெட்டினாற்போல ஒரு குறுகிய பின்னல். நடு, கரை, பல்லோரம் என்று மூன்றாக வைத்தேன். முதல் இரண்டும் புடவையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் புதிதில்லை. மூன்றாவது வேறு ஜாதி. அது கரையின் நீட்சியாக வெளியே வளர்வதில்லை. கரைக்குச் செங்குத்தாகத் திரும்பி, பக்கவாட்டில் ஊர்ந்து போகிறது. ஒவ்வொரு இரண்டு வரிசைக்கும் ஒருமுறை, தன் கடைசிக் கண்ணியோடு கரையின் திறந்த கண்ணி (அடைக்காமல் கம்பியிலேயே நிற்பது) ஒன்றைச் சேர்த்துப் பின்னி விழுங்கிக்கொள்ளும். சுற்றிலும் 600 கண்ணி திறந்து நின்றால் பல்லோரம் மட்டுமே 1,200 வரிசை.

ஏன் இவ்வளவு பாடு? சாதாரணமாகக் கண்ணி அடைத்தால், அதாவது பிரியாதபடி ஒன்றோடொன்று பூட்டி முடித்தால், அந்த ஓரம் கயிறு போல இறுகிவிடும். மற்ற பகுதி விரிய விரிய, அது மட்டும் விரியாமல் பிடித்து இழுக்கும். பழைய கைகள் இதற்காக வெளியிலிருந்தே தொடங்கின: முதலில் பல்லோரம், அதன் நேர்விளிம்பில் கண்ணி எடுத்துக் கரை, கடைசியில் நடு. இப்போது பலர் உள்ளிருந்து வெளியே போகிறார்கள். எப்படிப் போனாலும் சால்வையின் வெளிவிளிம்பில் அடைத்த ஓரம் வராது. இதைச் சொல்ல இரண்டு தனிச் சொல் இல்லாவிட்டால் செய்முறையே எழுத முடியாது.

> யார்ன் ஓவர் = நூல்மேல்

இது யார் வேலை? நூலுக்கு மேல் என்ன, கீழ் என்ன?

> அல்லது துளைக்கண்ணி.

இது எனக்குப் பிடித்தே இருந்தது. கண்ணிக்குள் நுழையாமல் நூலைக் கம்பியில் வெறுமனே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால், திரும்பி வரும்போது அந்த இடத்தில் ஒரு துளை. பூவேலை முழுக்க இந்தத் துளைகளால்தான். ஆனால் நடுச்சதுரத்தை ஒரு மூலையில் ஒரே கண்ணியில் தொடங்கிக் குறுக்குவாட்டில் வளர்க்கும் முறையில், ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் இதே சுற்று வருகிறது. அங்கே துளை எதுவும் விழாது. ஓரத்தில் ஒரு தளர்ந்த காது மாதிரி நிற்கும். பிறகு கரை பின்னத் தொடங்கும்போது இந்தக் காதுகளைத்தான் ஒவ்வொன்றாகக் கம்பியில் எடுக்கிறோம். ஒரே கைவேலை, ஓரிடத்தில் துளை, இன்னோரிடத்தில் காது. ஆகவே விளைவை விட்டுவிட்டு வேலையைப் பிடிப்போம்: சுற்றுக்கண்ணி.

> பிளாக்கிங் = தடுத்தல், தடுப்பமைத்தல், அச்சிடல், விரித்துலர்த்தல்

முதல் மூன்றையும் பேச்சுக்கே எடுக்க வேண்டாம். என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். பின்னி முடித்துக் கம்பியை விட்டு இறக்கியவுடன் அது சால்வை மாதிரியே இருக்காது. கசங்கிய காலிஃபிளவர் மாதிரி இருக்கும். துளையெல்லாம் மூடிக் கிடக்கும். அதை வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு, முறுக்காமல் துண்டில் வைத்துப் பிழிந்து, மரச்சட்டத்தில் ஏற்றுவார்கள். சட்டத்தின் நாலு பக்கமும் முளைகள் இருக்கும். பல்லோரத்தின் ஒவ்வொரு நுனியிலும் நூலைக் கோத்து முளைக்கு முளை இழுத்துக் கட்டினால் சதுரம் தம்பட்டம் போல விறைத்து நிற்கும். கோலம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். கம்பளி நனைந்தால் இழை இளகும். இழுத்த நிலையில் காய்ந்தால் அப்படியே நிற்கும். அடுத்த துவையலில் மறுபடி மறந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் இதே வேலை. துவைத்துச் சட்டத்தில் ஏற்றித் தருவதையே தொழிலாகச் செய்தவர்களும் அங்கே உண்டு.

'விரித்துலர்த்தல்' அருகில் வருகிறது. ஆனால் மொட்டைமாடியில் புடவையையும் விரித்துத்தான் உலர்த்துகிறோம். இங்கே உயிர் இழுப்பில் இருக்கிறது. 'இழுத்துலர்த்தல்' என்று வைக்கிறேன். வாயில் கொஞ்சம் முரடு தட்டுகிறது, தெரியும். செய்முறையில் ஓரிடத்தில்தானே வரப்போகிறது.

கூடவே ஒரு எச்சரிக்கையும் போட வேண்டும். நம் ஊர்க் கடையில் 'உல்லன்' என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் அக்ரிலிக். அதை எத்தனை தடவை நனைத்து இழுத்தாலும் கட்டை அவிழ்த்ததும் பழையபடி சுருங்கிக்கொள்ளும். சொல் சரியாக இருந்து சால்வை வராமல் போனால் பழி நம் பட்டியல் மேல் விழும்.

மற்றவை விரைவாக. நூலின் பிளை என்பதற்குப் 'புரி' (முப்புரி நூல் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்). கார்ட்டர் ஸ்டிட்ச் என்பதற்கு 'வரப்புப் பின்னல்': இரண்டு வரிசைக்கு ஒரு மேடு எழும், இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஓரம் சுருளாது, போர்வையின் நடு பெரும்பாலும் இதுதான். தப்பு நேர்ந்தால் அதற்குமேல் பிரியாமல் இருக்க ஒரு வரிசை முழுதும் கோத்து வைக்கும் நூலுக்குக் 'காப்புநூல்'. திறந்த கண்ணி வரிசைகள் இரண்டை அடைக்காமலே இணைக்கும் கிராஃப்டிங் என்பதற்குக் 'கண்ணியொட்டு'. கடைசி ஒன்றுக்கு மட்டும் மாற்று இருந்தால் கொடுங்கள்.

சரி, ஓட்டிப் பார்ப்போம். ஹாப் கரைகளில் அதிகம் வரும் 'ஓல்ட் ஷேல்' அலை இது. பெயரைப் பெயராகவே விட்டுவிட்டேன். நேர்க்கண்ணி என்பது நிட், எதிர்க்கண்ணி என்பது பர்ல். 18 கண்ணிக்கு ஓர் அலை:

வரிசை 1: முழுதும் நேர்க்கண்ணி.
வரிசை 2: முழுதும் எதிர்க்கண்ணி.
வரிசை 3: (இரண்டைச் சேர்) 3 முறை, (சுற்றுக்கண்ணி 1, நேர்க்கண்ணி 1) 6 முறை, (இரண்டைச் சேர்) 3 முறை.
வரிசை 4: முழுதும் நேர்க்கண்ணி.

கணக்கும் சரியாக நிற்கிறது: இரு ஓரத்திலும் சேர்ப்பதால் ஆறு குறையும், நடுவில் சுற்றுவதால் ஆறு கூடும், மறுபடி 18. ஓரங்கள் நெருங்கி நடு விசிறியாக விரிவதால்தான் அலை எழுகிறது. சாயம் போடாமல் வெள்ளை, சாம்பல், பழுப்பு என்று ஆட்டின் நிறத்திலேயே நூல் மாற்றிக்கொண்டு போனால் அலை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

ஆட்சேபம் இருந்தால் இந்த நாலு வரிசையை வைத்தே சொல்லுங்கள்.

அன்புடன்.

*

மறு: மறு: ஷெட்லாந்து சால்வை – 'ஸ்டிட்ச்' தையலா, கண்ணியா?

தங்கச்சி,

கண்ணிக்கு இறங்கி வந்துவிட்டேன். 'வளையத்தில் 40 வளையம்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கண்ணியொட்டு இருக்கட்டும். மாமரத்தில் ஒட்டுக் கட்டினவர்களுக்கு உடனே விளங்கும்.

ஆனால் வரிசை 2 சரியில்லை. 'எதிர்க்கண்ணி' என்றால் ஏதோ எதிர்மாறான, வேறொரு கண்ணி என்று படுகிறது. கையில் கம்பியை எடுத்துப் பாரும்: நேர்க்கண்ணி ஒன்று போட்டுவிட்டுத் துணியைத் திருப்பினால் தெரிவது நீர் சொல்லும் அந்த எதிர்க்கண்ணிதான். இரண்டு கண்ணி கிடையாது. ஒன்றையே இந்தப் பக்கமிருந்து பார்த்தால் நேர், அந்தப் பக்கமிருந்து பார்த்தால் மற்றது. நீர் சொன்ன வரப்புப் பின்னலில் ஒரே கண்ணியை மட்டும் போட்டுப் போட்டு இரு பக்கமும் மேடு வருவதும் அதனால்தானே. துணிக்கு நேர்ப்பக்கம், மறுபக்கம் என்று சொல்கிறோம். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

வரிசை 2: முழுதும் மறுகண்ணி.

பட்டியலிலும் மாற்றிவிடும். அப்புறம், இரண்டைச் சேர்க்கும்போது வலப்பக்கம் சாய்வது ஒன்று, இடப்பக்கம் சாய்வது ஒன்று என இரண்டு வகை உண்டு. ஓல்ட் ஷேலில் பலர் பேதம் பார்ப்பதில்லை, ஆனால் பல்லோரத்தில் வரும். வலச்சேர்ப்பு, இடச்சேர்ப்பு என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். நீர் பல்லோரத்தை எழுதும்போது அது தாங்குகிறதா என்று பார்த்துச் சொல்லும்.