புதுப்பிப்பு: பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கிய விவகாரம்

80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று) பார்க்கச் சொன்னீர்கள். அதில் கோளாறு என்றால் பிரேக்கைத் தொடாமலே நடுங்கும். என் வண்டியில் மிதித்தால் மட்டும்தான். அதனால் முன் பிரேக் டிஸ்க்கை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை, பார்க்கச் சொன்னேன்.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்து டிஸ்க்கை மெல்லச் சுற்றினார். முள் நிற்காமல் ஆடியது. டிஸ்க்கை எடுத்தால், அது உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு செதில் செதிலாக இருக்கிறது! அது டிஸ்க்கை ஒரு பக்கம் தூக்கிவிடும். மயிரிழை சாய்வுதான், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) உரசி அந்த இடம் மட்டும் மெலிந்துபோகும். அந்தத் தடிமன் வித்தியாசம்தான் கையில் நடுக்கமாகத் தெரிகிறது. ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு பக்கமும் புது டிஸ்க்கும் பேடும் போட்டார். நடுக்கம் சுத்தமாகப் போய்விட்டது.

நீங்கள் டிஸ்க் மாற்றினால், ஹப்பைத் தேய்க்கிறார்களா என்று தயவுசெய்து பக்கத்தில் நின்று பாருங்கள். அதை விட்டால் புது டிஸ்க்கும் இதே கதிதான். வீல் நட்டையும் எல்லாம் ஒரே அளவு இறுகும்படி, டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து முறுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், பேட் மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டவருக்கு: பெரும்பாலான டிஸ்க்குகளில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்தே இருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கையும் மாற்றியே ஆக வேண்டும்.