பிளாக்பெர்ரி வைன்: வாளியிலிருந்து குடுவைக்கு எப்போது?

(வீட்டில் வைன் செய்யும் மூவரின் உரையாடல். நாவற்பழம், புளிச்சமோர், மண்டி ஆகியவை அவர்களின் புனைபெயர்கள்.)

நாவற்பழம்:
பிரிட்டனில் ஆகஸ்ட் பிற்பாதி வந்தால் வேலியோரமெல்லாம் பிளாக்பெர்ரி. 1.8 கிலோ பழம், 1 கிலோ சர்க்கரை போட்டுத் தண்ணீரோடு 5 லிட்டராக்கினால் ஹைட்ரோமீட்டர் (சாற்றின் அடர்த்தியை அளக்கும் மிதவை; தண்ணீருக்கு 1.000, சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற அளவு இறங்கும்) ஏறக்குறைய 1.085 காட்டும். "ஐந்தாம் நாள் மாற்று", "ஏழாம் நாள் மாற்று" என்று செய்முறைகள் சொல்வதை நம்பாதீர்கள். 24 டிகிரியில் நாலைந்து நாளில் முடிகிற வேலை, 16 டிகிரியில் பத்து நாள் இழுக்கும். அளவு 1.030-க்கும் 1.010-க்கும் நடுவே வரும்போது மாற்றுங்கள். பிளாக்பெர்ரிக்கு என் கணக்கு 1.020.

தொடக்கத்தில் ஈஸ்ட் பெருகக் காற்று வேண்டும். அதற்குத்தான் அகன்ற வாளியும் மேலே துணியும். மிதக்கும் சக்கையைத் தினம் இரண்டு முறை அமுக்கிவிட வேண்டும். மேலே காய்ந்து கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். சாறு பொங்கிக்கொண்டிருக்கும் வரை கரியமில வாயுவே அதற்கு மூடி. 1.010-க்குக் கீழே வாயு குறையக் குறைய அந்த மூடி விலகும், வினிகர் பாக்டீரியா புகுந்துவிடும். கள் எப்படிக் காடியாகிறது என்று நமக்குச் சொல்லவா வேண்டும்!

புளிச்சமோர்:
சீக்கிரம் மாற்றினாலும் வம்புதான். 1.050-ல் குடுவையை வாய்வரை நிரப்பினால் நுரை ஏர்லாக்கை (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி) தள்ளிக்கொண்டு வெளியே வரும். பிளாக்பெர்ரிச் சாயம் சுவரில் பட்டால் லேசில் போகாது. மாற்றியே ஆகவேண்டுமென்றால் முக்கால் பங்கு ஊற்றி, மீதியைச் சிறு பாட்டிலில் ஏர்லாக் போட்டு வையுங்கள். நுரை அடங்கியதும் சேர்க்கலாம்.

அளக்கும்போது சாற்றை வடிகட்டி எடுங்கள். ஹைட்ரோமீட்டரில் குமிழ் ஒட்டினால் அது உயர மிதந்து அளவைக் கூட்டிக் காட்டும். ஒரு சுழற்று சுழற்றிவிட்டுப் படியுங்கள். அளவு இன்னும் இறங்காவிட்டாலும் சக்கையை ஒரு வாரத்துக்கு மேல் ஊறவிட வேண்டாம், விதையின் கசப்பு இறங்கும். நைலான் பையில் கட்டிப் போட்டிருந்தால் தூக்கி, தானாக வடிய விடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் மண்டிதான் கூடும்.

மண்டி:
குடுவை நிரம்பிறதுதான் முக்கியம் பாருங்கோ. 4.5 லிட்டர் டெமிஜானுக்கு (குறுகின கழுத்துள்ள கண்ணாடிக் குடுவை) வாளியில 5 லிட்டருக்குக் குறையாமத் தொடங்கோணும். சக்கையும் மண்டியும் போக அரை லிட்டர் குறைஞ்சிடும். 4.5 லிட்டரோட தொடங்கி அந்தக் குறையைப் பச்சைத் தண்ணியால நிரப்பினா வைன் ஒன்பதில ஒரு பங்கு நீர்த்துப்போகும். அதே வகை வைன் கொஞ்சம் விடலாம், இல்லாட்டி கழுவிச் சுத்தமாக்கின கண்ணாடிக் கோலிக் குண்டு போடுங்கோ. நுரை அடங்கினாப் பிறகு கழுத்தில ரெண்டு மூண்டு சென்டிமீட்டருக்கு மேல வெற்றிடம் இருக்கக் கூடாது.

சைஃபன் குழாயின்ர ஒரு நுனி வாளியில மண்டிக்கு மேல, மற்ற நுனி குடுவையின்ர அடியில. 1.020-ல கொஞ்சம் தெறிச்சாலும் பயமில்லை, ஈஸ்ட் அந்த ஆக்சிஜனைத் தின்டிடும். 1.000-க்குக் கீழ மாத்தேக்க தெறிக்கவே விடாதேங்கோ.

நாவற்பழம்:
சல்ஃபைட்டை (வைன் கெடாமல் காக்கும் உப்பு) இந்த மாற்றத்தின்போது போடக் கூடாது, ஓடிக்கொண்டிருக்கும் ஈஸ்டை அது முடக்கும். அதன் முறை நொதித்தல் முடிந்த பிறகுதான்: 4.5 லிட்டருக்கு 0.4 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டால் சுமார் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கந்தக டை ஆக்சைடு வரும். டீஸ்பூனால் அளந்தால் தப்பும், சிறு தராசு வாங்குங்கள்.

புளிச்சமோர்:
குடுவையில் நடப்பதற்கு "இரண்டாம் நொதித்தல்" என்ற பெயரே குழப்பம். புதிதாக எதுவும் தொடங்குவதில்லை, அதே நொதித்தல் இடம் மாறி மெதுவாக முடிகிறது. ஏர்லாக்கில் குமிழ் நின்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை. ரப்பர் அடைப்பான் சரியாக உட்காராவிட்டாலும் குமிழ் வராது. 1.020-ல் நாலைந்து நாள் அசையாமல் நின்றால் 20–22 டிகிரிக்குக் கொண்டுபோய், அடியில் படிந்த ஈஸ்டை மெல்லக் கலக்கிவிடுங்கள். நகரவில்லையென்றால் புது ஈஸ்டை வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் உயிர்ப்பித்து, அந்த வைனையே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்கி ஊற்ற வேண்டும். நேராகத் தூவினால் ஆல்கஹாலில் சுருண்டுவிடும்.

மண்டி:
1.000-க்குக் கீழ மூண்டு நாள் ஒரே அளவு காட்டினா, மண்டியை விட்டிட்டு வேற குடுவைக்கு அடுத்த மாற்றம். கனத்த மண்டியில மாதக்கணக்காக் கிடந்தா அழுகின முட்டை மணம் வரும்.