இந்த வசந்தத்துல உங்களுக்கு என்ன கெடச்சுது? நான் ஆரம்பிச்சு வெக்கிறேன்

மக்களே, வருஷா வருஷம் இந்த நேரத்துல "சமீபத்துல மனசுக்குப் புடிச்சது எது"ன்னு பேசிக்குவோம்ல. போன தடவ நான் ஹெட்ஃபோன், பேனா, பைன்னு வாங்குன சாமானா அடுக்கி வெச்சதுக்கு ஒரு அக்கா "என்ன தம்பி, கடை போட்ருக்கியா"ன்னு கேட்டு மானத்த வாங்கிட்டாங்க. அதனால இந்த தடவ காசு குடுத்து வாங்குனது ஒண்ணே ஒண்ணுதான், மத்ததெல்லாம் சும்மா கெடச்சது, சரியா சொல்லணும்னா நான் தப்பா நெனச்சிட்டிருந்து மூக்கு ஒடஞ்சதுல கெடச்சது.

மொதல்ல செடி. மாடியில தொட்டியில ஒரு மாதுளங்கன்னு இருக்கு. குளிர்ல எல எல்லாம் கொட்டி வெறும் குச்சியா நின்னுச்சு, நானும் தண்ணி ஊத்துறதையே பாதி மறந்துட்டேன், பிப்ரவரி கடைசியில சரி இது போயிருச்சு, புடுங்கிட்டு வேற எதாவது வெப்போம்னு கைய வெச்சுட்டேன். வீட்டுக்கு வந்திருந்த ஃப்ரெண்டு ஒருத்தன் "டேய் இரு இரு, நகத்தால கீறிப் பாத்தியா?"ன்னான். எதுக்குடான்னு கேட்டா பதிலே சொல்லாம அவனே குனிஞ்சு கட்ட வெரல் நகத்தால சுரண்டுறான். நுனியில பழுப்பு, தொட்டதும் டப்புன்னு ஒடஞ்சுது. நாலு வெரல்கட கீழ வந்து சுரண்டுனா தோலுக்கு அடியில மெல்லிசா ஒரு பச்சை, ஈரமா, அப்பதான் உரிச்ச மாதிரி. அவ்ளோதான்டா, பச்சை இருந்தா உசுரு இருக்குன்னு அர்த்தம், காஞ்ச வரைக்கும் வெட்டிட்டு சும்மா விடுன்னு சொல்லிட்டுப் போயிட்டான். மூணு வாரம் ஒண்ணுமே இல்ல. அப்புறம் கணுவுக்குக் கணு சின்னதா செவப்பா முட்டிட்டு வருது. நான் இருக்கேனே, அதையும் நோயின்னு பயந்தேன்! பல செடியோட தளிரு செவப்பா வர்றதுக்கு அந்தோசயனின்னு ஒரு நிறமி காரணமாம், பச்சையம் முழுசா சேர்ற வரைக்கும் இளசு எல வெயில்ல கருகாம இருக்க அது கொட மாதிரின்னு ஒரு விளக்கம், பூச்சிக்கு ருசியா தெரியாம இருக்கன்னு இன்னொரு விளக்கம். எனக்கு ரெண்டும் ஓகே.

அடுத்து குயில். விடியறதுக்கு முன்னாடியே தொண்ட கிழிய கூவி எழுப்பி விட்டுச்சு, திட்டிட்டே எழுந்திரிப்பேன். அதே மரத்துல கிக்-கிக்-கிக்னு வேற ஒரு பறவ அவசர அவசரமா கத்தும், அது என்னன்னு ரொம்ப நாளா தெரியல. மெர்லின்னு ஒரு ஆப் இருக்கு, கார்னெல் பல்கலைக்கழகத்தோட பறவை ஆய்வகம் இலவசமா குடுக்குது, 2021-லேர்ந்து சத்தத்த வெச்சே பேர் சொல்லும். அத நீட்டிப் புடிச்சா அதுவும் குயிலுங்குது. ஆப் ஒளறுதுன்னு நெனச்சேன். ஒரு நாள் பொறுமையா நின்னு பாத்தப்பதான் வெளங்குச்சு, கூ-ஊன்னு ஏறிட்டே போறது கரிக்கட்டை நெறத்துல இருக்குற ஆம்பள, கிக்-கிக்னு கத்துறது பொம்பள, பழுப்பு ஒடம்பு பூரா வெள்ளப் புள்ளி, ரெண்டுக்கும் கண்ணு மட்டும் ரத்தச் செவப்பு. நல்லா பாடுற பொண்ணப் பாத்து "குயில் மாதிரி"ன்னு சொல்லிச் சொல்லி பாடுறது பொண்ணுதான்னு மனசுல பதிஞ்சே போச்சு பாருங்க. பக்கத்து மரத்துல காக்கா கூடு வேற இருக்கு. குயில் அங்கதான் முட்டையிடும், அதான் காக்கா கூடு கட்டுற காலமும் இது கூவுற காலமும் ஒண்ணா வருது.

வாங்குனது 10 மடங்கு பெருசாக் காட்டுற மடக்கு லென்ஸ். மொத நாள் துப்பறிவாளர் கணக்கா கைய நீட்டிப் புடிச்சுப் பாத்தேன், எல்லாம் கலங்கலா தெரிஞ்சுது, ஏமாத்திட்டாங்கன்னே முடிவு பண்ணிட்டேன். அப்படி இல்லையாம். லென்ஸ கண்ணோட ஒட்டி வெச்சுக்கிட்டு பூவ ரெண்டரை சென்டிமீட்டர் பக்கத்துல கொண்டு வரணும். வழியோரம் மிதிச்சுட்டுப் போவோமே வெட்டுக்காயப் பூண்டு, அத மொதல்ல வெச்சேன். சுத்தி இருக்குற அஞ்சு வெள்ள இதழும் இதழே இல்ல, ஒவ்வொண்ணும் தனித்தனிப் பூ, ஒவ்வொண்ணு நுனியிலயும் மூணு பல்லு. நடுவுல மஞ்சளா இருக்குறது அத்தனையும் குட்டிக் குட்டிப் பூ, அஞ்சு முனை நட்சத்திரமா விரிஞ்சு நிக்குது, அதுக்குள்ள ஒரு பொடிப்பூச்சி மகரந்தத்த முதுகுல அப்பிக்கிட்டு வெளிய வர வழி தேடிட்டிருந்துச்சு. டீ ஆறிப்போறது கூடத் தெரியல.

உங்க கதைய சொல்லுங்க.

*

தம்பி, கடை போட்ருக்கியான்னு கேட்ட அக்கா நாந்தான். இந்த தடவ நல்லாருக்கு.

எனக்கு வசந்தம்னாலே தும்மல். ஜன்னல்ல பளபளன்னு பூத்திருந்த ஒரு தொட்டியாலதான்னு முடிவு பண்ணி பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். தும்மல் நிக்கல. டாக்டர் சிரிச்சுட்டாங்க. கலர்கலரா பூக்குறதோட மகரந்தம் கனமா பிசுபிசுன்னு இருக்கும், பூச்சிதான் சொமந்துட்டுப் போகணும், அவ்ளோ சுலபமா மூக்குக்கு வராதாம். பெரும்பாலும் படுத்துறது காத்துல பறக்குற மகரந்தம், புல்லு, பூத்ததே கண்ணுக்குத் தெரியாத மரம், அது மாதிரி. இப்ப வெளிய போயிட்டு வந்ததும் துணி மாத்தி மூஞ்சி கழுவுறேன், தலகாணி உறைய வெளிய காயப்போடுறதில்ல, பாதிக்குப் பாதி கொறஞ்சிருக்கு. தொட்டியத் திருப்பிக் கேக்கத்தான் வெக்கமா இருக்கு, பாட்டி அதுக்கு பேரெல்லாம் வெச்சுட்டாங்க.

*

என்னோடது சின்னது. மார்ச் 20 வாக்குல சூரியன் நேர் கெழக்குல உதிக்கும், உலகத்துல கிட்டத்தட்ட எங்க இருந்து பாத்தாலும். பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், ஒரு நாளும் பாத்ததில்ல. இந்த வருஷம் காலைல ஜன்னல் வழியா செவுத்துல விழுற வெளிச்சத்தோட ஓரத்துல பென்சில்ல கோடு போட்டேன். மறுநாளே தள்ளிப் போயிருச்சு! இந்த சமயத்துல உதிக்கிற எடம் நம்ம ஊர்ல தெனமும் சூரியனோட அகலத்துல முக்கால்வாசி அளவுக்கு நகருதாம், ஜூன் மாசம் வந்தா நின்ன மாதிரி ஆயிடும். செவுத்துல இப்ப 14 கோடு, வீட்ல திட்டு.

*

அக்கா, தொட்டிய விடுங்க, ஒரு கெள மட்டும் வாங்கி நட்டுக்கோங்க. கோடு போட்ட நண்பரே, ஜூன் வரைக்கும் அழிச்சுராதீங்க, ஃபோட்டோ வேணும்.

மாதுளையில இன்னிக்கு எண்ணுனேன், 17 எல. கீழ இருக்குறது பச்சையா மாறிருச்சு. மேல இன்னும் செவப்பு. இன்னொரு குச்சி மட்டும் ஒண்ணும் விடல, தெனம் போய் கீறிப் பாக்கணும்னு கை பரபரக்குது, கீறிக் கீறியே கொன்னுருவேன்னு ஃப்ரெண்டு திட்டுறான்.